தேம்ஸ் கரையின் நாடகக் களரி

ஒல்லாந்தர் 1658-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்துக்கொண்ட பின்னர், தம்முடைய தேசத்து நகரங்களின் பெயர்களை நம் தீவகத்துக்குச் சூட்டிப் படங்களில் எழுதி வைத்தார்கள் என்பதும், அந்த வரிசையில் நயினாதீவு ஹார்லெம் ஆகவும், வேலணைத்தீவு லெய்டன் ஆகவும், நெடுந்தீவு டெல்ஃப்ற் ஆகவும், புங்குடுதீவு மிடில்பேர்க் ஆகவும் நாமகரணம் பெற்றன என்பதும் எங்கள் புங்குடுதீவார் பலர் அறிந்த சரித்திரம். டெல்ஃப்ற் என்பது மட்டும் ஆங்கிலத்தில் இன்றுவரை தங்கிவிட்டது. மற்றவை சூட்டியவர்களோடே கப்பலேறிப் போயின. மிடில்பேர்க் போனதில் நமக்கு விசனம் ஒன்றுமில்லை. ஆனால், கண்ணில் பட்டதையெல்லாம் அளந்து, வரைந்து, பெயரெழுதி வைக்கும் அந்த ஒல்லாந்தக் குணம், நமக்கு நேரே சம்பந்தமில்லாத வேறொரு விஷயத்தில் உலகத்துக்குப் பேருபகாரம் செய்திருக்கிறது. சேக்ஸ்பியர் காலத்து இலண்டன் நகரத்துத் திறந்தவெளி நாடகசாலை ஒன்றின் உட்புறத்தைக் காட்டுவதாக எஞ்சியிருக்கும் சமகாலச் சித்திரம் ஒன்றே ஒன்று. அதை 1596 அளவில் வரைந்தவர் யோகான்னஸ் டி விற் என்னும் ஒல்லாந்தர். அவர் கண்டது ஸ்வான் என்ற நாடகசாலை. அவருடைய கைச்சித்திரம் தொலைந்துபோயிற்று. அவருடைய நண்பர் வான் புக்கெல் தம் குறிப்பேட்டில் பார்த்து எழுதிய பிரதி மட்டும், ஊற்றெக்ற் சர்வகலாசாலைப் புத்தகசாலையில் கிடந்து, 1888-இல் வெளிச்சத்துக்கு வந்தது. நாடகசாலைகளின் வெளித்தோற்றத்தைக் காட்டி 1616-இல் அச்சான விஸ்சரின் இலண்டன் காட்சிப்படமும் ஆம்ஸ்டர்டாமில் ஆக்கப்பட்டதே. ஆங்கிலேயர் தாம் நாள்தோறும் போய்வந்த இடத்தின் உட்புறத்தைத் தாம் வரைந்து வைக்கவில்லை. நம்மவர் எவரும் கூத்துக்களரியை அளந்தெழுதி வைக்க வேண்டுமென்று நினையாததும் அதே காரணத்தால்தான்.

அந்த நாடகசாலைகளுள் தலைசிறந்த பிரசித்தி பெற்றது குளோப். அது தேம்ஸ் நதியின் தென்கரையில் 1599-இல் எழுந்தபோது, நல்லூரில் போர்த்துக்கேயரின் தயவில் எதிர்மன்னசிங்கன் அரசு வீற்றிருந்தான்; அது ஒருமுறை எரிந்து, மறுமுறை எழுந்து, 1644-இல் இடிபட்டு மறைவதற்குள் இங்கே சங்கிலி குமாரன் சிறைப்பட்டு, 1619-இல் யாழ்ப்பாண இராச்சியமே அஸ்தமித்துவிட்டது. நாற்பத்தைந்து வருஷங்களே நின்ற ஒரு மரக்கட்டடம் அது.

மரக்கட்டடம் என்றேன், அந்த மரத்தின் கதை சுவையானது. தச்சுத் தொழிலிலிருந்து நடிப்புத் தொழிலுக்கு வந்த ஜேம்ஸ் பேர்பேஜ் என்பவர், நாடகத்தை ஒழுக்கக்கேட்டின் ஊற்றென்று வெறுத்த இலண்டன் நகரசபையின் அதிகாரத்துக்கு அப்பால், வடபுறத்துச் சோர்டிச் என்ற இடத்தில், ஜைல்ஸ் அலன் என்பவரின் காணியை 21 வருஷக் குத்தகைக்கு எடுத்து, 1576-இல் தியேட்டர் என்றே பெயரிட்ட ஒரு நாடகசாலையைக் கட்டினார். குத்தகை 1597-இல் முடிந்தது; அவ்வருஷமே அவரும் இறந்தார்; காணிக்காரர் குத்தகையைப் புதுப்பிக்க இசையவில்லை. நிலம் அலனுடையதுதான், ஆனால் நிலத்தின்மேல் நிற்கும் மரம் எங்கள் தகப்பனாருடையது என்று பிள்ளைகளான கத்பேட்டும் றிச்சேட்டும் துணிந்தார்கள். காணி ஒருவருக்கும் அதன்மேல் நிற்பது மற்றொருவருக்கும் உரிமையாக இருப்பதனால் விளையும் வியாஜ்யங்களை, வேலிக்கும் கிணற்றுப்பங்குக்கும் கோடேறிப் பழகிய யாழ்ப்பாணத்தாருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1598-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆந் திகதி, நத்தார் விடுமுறையில் காணிக்காரர் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, பீற்றர் ஸ்றீற் என்ற தச்சரையும் ஆட்களையும் கூட்டிக்கொண்டுபோய், அந்த நாடகசாலையைப் பொருத்துப் பொருத்தாகக் கழற்றிவிட்டார்கள். கழற்றிய மரம் தேம்ஸ் நதிக்கரைக்கு வந்து, பின்பு நதியைக் கடந்து தென்கரை சேர்ந்தது. உறைந்த நதியின்மேல் இழுத்துச் சென்றார்கள் என்று ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை, தோணியில் ஏற்றினார்கள் என்பதே பொருத்தம். தாம்போதி போடப்படாத காலத்தில் வளையும் தீராந்தியும் ஓடும் வள்ளத்தில் வந்திறங்கி வீடான புங்குடுதீவில், இதை அதிசயமாக எவரும் எண்ணமாட்டார். அலன் வருஷக்கணக்கில் வழக்காடியும் வெல்லவில்லை.

அந்தப் பழைய மரமே குளோப்பின் எலும்புக்கூடாயிற்று. கைமுதல் போதாமையால் பேர்பேஜ் சகோதரர் பாதிப் பங்கைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, மறு பாதியைத் தம் குழுவின் நடிகர் ஐவருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்; அந்த ஐவருள் ஒருவர் சேக்ஸ்பியர். நாடகம் எழுதுபவனும் நடிப்பவனும் நாடகசாலைக்கே பங்காளியாக இருப்பது அக்காலத்தில் புதுமை. ‘ஹம்லற்’, ‘ஒதெல்லோ’, ‘லியர் அரசன்’, ‘மக்பெத்’ என்பன அந்தப் பங்காளி தம்முடைய சொந்தக் கட்டடத்தை மனத்திற் கொண்டு எழுதியவை.

அந்தக் கட்டடம் எப்படி இருந்தது? வட்டம் என்று தோன்றும்படி பல பக்கங்களாக மடித்துக் கட்டிய மூன்று அடுக்கு மாடங்கள். நாணல் வேய்ந்த கூரை மாடங்களுக்கும் மேடைக்கும் மட்டும். நடுவே வானம் பார்த்த முற்றம். அந்த முற்றத்துக்குள் பாதிதூரம் நீண்டு வந்து நிற்கும் மேடை. மேடைக்குமேல் இரு தூண்கள் தாங்கிய, சூரிய சந்திர நட்சத்திரங்கள் தீட்டிய விதானம். மேடைத் தரையில் பேய் பிசாசுகள் எழுவதற்கு ஒரு பொறிக்கதவு. ஆகவே நடிகன் நின்ற இடத்துக்கு மேலே சுவர்க்கமும் கீழே நரகமும் இருந்தன. ஒரு பென்னி கொடுத்தவர் முற்றத்தில் நின்று பார்த்தார். இன்னொரு பென்னி கொடுத்தவர் மாடத்தில் இருந்து பார்த்தார். மூன்றாவது பென்னிக்கு மெத்தை கிடைத்தது. இந்தக் கணக்கை நமக்கு எழுதி வைத்தவர் தோமஸ் பிளாற்றர் என்னும் சுவிஸ் யாத்திரிகர்; 1599 செப்டம்பர் 21-ஆந் திகதி மத்தியான போசனத்துக்குப் பின் நதியைக் கடந்து போய், நாணற்கூரை வேய்ந்த நாடகசாலையில் ‘யூலியஸ் சீசர்’ பார்த்ததாகவும், ஆட்டம் முடிந்ததும் நடிகர்கள் அழகாக நடனமாடியதாகவும் அவர் குறித்திருக்கிறார். இராசாவைக் கொன்று பிணம் விழுத்திய கையோடு சதிராடுவது இங்கிலீசு மேடைக்கு அக்காலத்தில் சகஜம். ஆட்டம் பிற்பகல் இரண்டு மணி அளவில் தொடங்கியது. விளக்கு இல்லை, திரை இல்லை, தீட்டிய காட்சிச்சீலை இல்லை. பெண் வேஷம் கட்டியவர்கள் மீசை முளையாத பையன்கள்.

இங்கேதான் நம்முடைய நாட்டான், சேக்ஸ்பியர் பெயரைக் கேளாதவனாக இருந்தாலும், தலையசைத்து ‘இது தெரிந்த சங்கதி’ என்று சொல்லுவான். மட்டக்களப்பாரின் வட்டக்களரியை எடுத்துக்கொள்ளுங்கள்: மண்ணைத் திரட்டி உயர்த்திய வட்டத் தரை, சுற்றிவரச் சனம், நடுவே அண்ணாவியாரும் மத்தளமும் சல்லரியும், வரவுத் தாளத்தோடு சுழன்று வரும் இராசாக்கள். யாழ்ப்பாணத்திலும் தீவகத்திலும் கோயில் வீதியிலும் அறுவடை முடிந்த வயல்வெளியிலும் ஆடிய காத்தவராயன் கூத்து முதலியவற்றிலும் ஆட்டக்காரனை மூன்று பக்கத்துச் சனத்துக்கு முன்னே நிறுத்துவதே வழக்கம். இடம் எது, காலம் எது என்பதைச் சீலையில் தீட்டிக் காட்டாமல் பாட்டால் சொல்லிவிடுவது, ஆண்மகன் பெண்வேஷம் கட்டுவது, கட்டியகாரனோ கோமாளியோ சனத்தைப் பார்த்து நேரே பேசுவது, பார்ப்பவன் இடையே எழுந்துபோய்க் கடலை வாங்கி வருவது, ஆடுபவன் முகத்தில் விழும் வெளிச்சமே பார்ப்பவன் முகத்திலும் விழுவது ஆகிய எல்லாம் தேம்ஸ் கரைக்கும் நமக்கும் பொது. வேறுபாடுகளும் உண்டு. நம் கூத்து இரவுக்கு உரியது, விடியும்வரை நிற்பது. குளோப் வெயிலுக்கு உரியது, பொழுதுபடுமுன் கலைவது. நம் கூத்துக்கு ஊரே பொறுப்பு. சட்டங் கொடுத்து, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, அரங்கேற்றம் வரையில் மாதக்கணக்காக ஊரே அதில் ஊறிக் கிடக்கும். குளோப்போ பென்னி எண்ணும் வியாபார ஸ்தாபனம். நாளுக்கொரு நாடகம் மாற்றாவிட்டால் பங்காளிகள் பட்டினி.

அந்த வியாபாரத்துக்கு முடிவு நெருப்பில் வந்தது என்று அன்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். 1613 யூன் 29-ஆந் திகதி, எட்டாம் ஹென்றி மன்னனின் கதை நடக்கும்போது, அரசன் வரவுக்கு மரியாதையாக வெடித்த பீரங்கியின் அடைப்பு பறந்துபோய் நாணற்கூரையில் ஒட்டிக்கொண்டது. புகையைச் சனம் முதலில் பொருட்படுத்தவில்லை. கண் ஆட்டத்தில் இருந்தது. நெருப்பு உள்ளுக்குள் ஓடி வட்டத்தைச் சுற்றி வளைத்து, நாடகசாலை முழுவதையும் தரைமட்டமாக்கிற்று. உயிர்ச்சேதம் இல்லை, ஒருவரின் காற்சட்டையில் மட்டும் தீப்பற்ற, அவர் கையிலிருந்த பியர்ப் போத்தலை ஊற்றி அணைத்துக்கொண்டார் என்று ஹென்றி வொற்றன் என்னும் கனவான் கடிதம் எழுதியிருக்கிறார். மறு வருஷமே, பழைய அத்திவாரத்தின்மேல், இம்முறை ஓடு போட்டு, இரண்டாவது குளோப் எழுந்தது. அதைக் கொன்றது நெருப்பன்று, சட்டம்: உள்நாட்டுப் போர் மூண்ட 1642-இல் பாராளுமன்றம் நாடகங்களைத் தடைசெய்தது, இரண்டு வருஷங்களின் பின் கட்டடத்தை இடித்து அவ்விடத்தில் குடியிருப்புகள் எழுப்பினார்கள்.

மன்னராட்சி மீண்டபின் நாடகமும் மீண்டது. ஆனால் அது கூரைக்குள், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், தீட்டிய காட்சிகளோடு, படச்சட்டம்போன்ற ஒரு வளைவுக்குப் பின்னால் பின்வாங்கிவிட்டது. பிறகு வந்த இருநூறு வருஷங்களில் ஆங்கிலேயன் உலகமெல்லாம் கொண்டுபோன சேக்ஸ்பியர், இந்தப் படச்சட்டத்துக்குள் அகப்பட்ட சேக்ஸ்பியரே. நமக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தார். சென்னையில் சுகுண விலாச சபையை 1891-இல் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார் ‘ஹம்லற்’ நாடகத்தை ‘அமலாதித்யன்’ என்றும், வெனிஸ் வியாபாரியின் கதையை ‘வாணீபுர வணிகன்’ என்றும் தமிழாக்கினார்; அச்சபை 1911-இல் இலங்கைக்கு வந்து ஆடியதைக் கண்டு உள்ளம் கிளர்ந்தவர்களுள் முதன்மையானவர் கலையரசு சொர்ணலிங்கம். கொழும்பில் லங்கா சுபோத விலாச சபையில் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் நடிப்பையே தவமாகக் கொண்ட அவர், ஷைலொக் வேஷத்தில் பெற்ற கீர்த்தியை யாழ்ப்பாணம் இன்னும் மறக்கவில்லை. அந்தத் தலைமுறை செய்த கைங்கரியத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. படித்தவன் மேடையேறுவது இழிவென்றிருந்த சமூகத்தில் அவ்விழிவைத் துடைத்தவர்கள் அவர்கள். ஆயினும் ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியாது. பட்டுத்திரை இழுத்து, தெருவும் அரண்மனையும் தீட்டிய சீலை தொங்கவிட்டு, சேக்ஸ்பியரை ஆடுவதே நாகரிகம் என்று கருதிய அதே யாழ்ப்பாணத்துக் கனவான்கள், வெளியிலே மண்தரையில் சுற்றிவரச் சனத்தை வைத்து ஆடும் கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கென்று ஒதுக்கினார்கள். சேக்ஸ்பியர் உயிரோடு வந்திருந்தால் அவர்களுடைய கொட்டகையில் வழி தெரியாமல் திகைத்து, கோயில் வீதிக் களரியைக் கண்டதும் ‘என் வீடு’ என்று ஏறியிருப்பார்.

ஆங்கிலேயரும் தம் பழைய வீட்டை மறந்தே இருந்தார்கள். அதை நினைவூட்ட அயலான் ஒருவன் வரவேண்டியிருந்தது. சாம் வனமேக்கர் சிக்காகோவிலே பிறந்த அமெரிக்க நடிகர். உக்ரேயினிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. இளம் வயதில் கிளீவ்லண்ட் நகரக் கண்காட்சி ஒன்றுக்காகத் தற்காலிகமாகக் கட்டிய ஒரு குளோப்பின் மாதிரியில் நடித்திருந்தவர், 1949-இல் இலண்டனுக்கு வந்து அசலைத் தேடிப்போனபோது, பியர் வடிசாலை ஒன்றின் சுவரில் பதித்த வெண்கலத் தகடு ஒன்றையே கண்டார். பொதுவுடைமைக்காரரென்ற சந்தேகத்தில் கலைஞரைத் துரத்திய காலம் அமெரிக்காவில் வந்தது. அவர் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். 1970 முதல் அவர் குளோப்பை மீண்டும் கட்டுவதற்குப் பணம் திரட்டத் தொடங்கினார். கேலி செய்தவர்கள் அதிகம். விநோதப் பூங்கா கட்டுகிறான் என்றார்கள். உள்ளூர் நகரசபை காணி தருவதாக ஒப்புக்கொண்டு, கட்சி மாறியதும் தெருக்கூட்டும் வண்டிகளுக்கு அவ்விடம் வேண்டுமென்று நின்றது. வழக்கு 1986-இல் வனமேக்கர் பக்கம் முடிந்தது. கட்டடம் பூர்த்தியாகுமுன் 1993 டிசம்பரில் அவர் காலமானார். கட்டடச் சிற்பி தியோ குறொஸ்பியும் அடுத்த வருஷம் மறைந்தார். 1997-இல் எலிசபெத் மகாராணி அதைத் திறந்துவைத்தபோது, தொடங்கியவர் இருவரும் இல்லை.

படம் இல்லாத, அளவு இல்லாத ஒரு கட்டடத்தை எப்படித் திரும்பக் கட்டுவது? சைவ சித்தாந்தம் படித்த யாழ்ப்பாணத்தாருக்குப் பிரத்தியட்சம், அனுமானம், ஆகமம் என்ற மூன்று பிரமாணங்களும் பரிச்சயம். அந்த மூன்றையும் கொண்டே கல்விமான்கள் இதைச் சாதித்தார்கள். ஆகமத்தின் ஸ்தானத்தில் நின்றது ஒரு தச்சு ஒப்பந்தம். குளோப்பைக் கட்டிய அதே பீற்றர் ஸ்றீற், 1600-இல் போட்டிக்காரரான ஹென்ஸ்லோவுக்கு போர்ச்சூன் என்ற சதுரமான நாடகசாலையைக் கட்ட எழுதிக்கொடுத்த உறுதி அது. மேடை 43 அடி அகலம், செலவு 440 பவுண் என்று நுணுக்கமாகக் கூறும் அவ்வுறுதி, முக்கியமான இடங்களில் எல்லாம் ‘குளோப்பில் உள்ளதுபோல’ என்று சொல்லித் தாண்டிவிடுகிறது. எழுதியவர்களுக்குக் குளோப் கண்ணெதிரே நின்றது. நமக்கு அந்த வாசகம் பரிகாசம்போல் ஒலிக்கிறது. அனுமானத்துக்கு உதவியது ஹொலார் என்ற சித்திரக்காரர், கோபுரம் ஒன்றில் ஏறிநின்று வரைந்த நதிக்கரைக் காட்சி. 1647-இல் அச்சான அப்படத்தில் குளோப்புக்கும் கரடிச் சண்டைக் கொட்டகைக்கும் பெயர் மாறி விழுந்திருக்கிறது. ஆயினும் ஹொலாரின் மூலக் கைவரைவைக் கொண்டு ஜோன் ஓறெல் என்ற அறிஞர் குளோப்பின் விட்டம் ஏறக்குறைய 100 அடி என்று கணித்தார். பிரத்தியட்சம் கடைசியில் வந்தது. 1989-இல் அயலிலிருந்த றோஸ் நாடகசாலையின் அத்திவாரமும், அதே ஆண்டு ஒக்டோபரில் குளோப்பின் அத்திவாரத்தில் ஒரு சிறு துண்டும் வெளிப்பட்டன. துண்டின் வளைவை வைத்து முழுமையைத் தீர்மானிப்பதில் பிணக்கு எழுந்தது. 1992-இல் அறிஞர்கள் கூடி, வாக்கெடுத்து, இருபது பக்கம், 99 அடி என்று முடிவுசெய்தார்கள். சரித்திர உண்மையை வாக்குக்கு விடலாமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் தச்சர் மரம் அறுக்கக் காத்துநிற்கும்போது வேறு உபாயம் இல்லை.

தச்சர் பீற்றர் மக்கேடி பச்சை ஓக் மரத்தை அறுத்து, இரும்பாணி தவிர்த்து, குழியும் கழுந்தும் பொருத்தி மரமுளை அடித்து நிறுத்தினார். சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தில் ஆட்டுமயிர் கலந்து பூசினார்கள். கூரைக்கு நோர்ஃபோக் பிரதேசத்து நாணல் வந்தது. 1666-இல் இலண்டன் மாநகரம் வெந்தபின் அங்கே எழுந்த முதல் நாணற்கூரை இதுவே. இம்முறை கூரை விளிம்பில் நீர்தெளிக்கும் குழாய்களையும் பொருத்தினார்கள். முன்பு 3,000 பேர் நெருங்கிய இடத்தில் இன்று ஏறக்குறைய 1,500 பேரையே அனுமதிக்கிறார்கள். அவர்களுள் ஏழ்நூறு பேர் அளவில் முற்றத்தில் நிற்பவர்கள். பல வருஷங்களாக அவர்களுக்கு 5 பவுண்தான் கட்டணமாக இருந்தது. மழை வந்தால் நனைய வேண்டும், குடை விரிக்கக் கூடாது.

கட்டி முடித்ததும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. முதல் நெறியாளர் மாக் றைலன்சும் நடிகர்களும், மேடை விளிம்பில் முழங்கை ஊன்றி நிற்கும் சனத்தின் முகங்களைப் பட்டப்பகலில் கண்டார்கள். இருட்டுக்குள் பேசிப் பழகிய நடிகனுக்கு அது முதலில் பயம். பிறகு, ஹம்லற் தனக்குள்ளே பேசுவதாகப் பள்ளிக்கூடத்தில் படித்த வசனங்கள் எல்லாம், எதிரே நிற்பவனைப் பார்த்துக் கேட்கும் கேள்விகள் என்பது தெளிந்தது. அனுமானம் சில அங்குலங்கள் தவறியிருக்கலாம், இது தவறவில்லை. இங்கிலீசு நடிகர் கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட பிரயத்தனத்தின் பின் பெற்ற இந்த ஞானம், நம் அண்ணாவியாருக்குப் பிறப்பிலே வந்தது.

அவரிடமிருந்து நாம் கற்றோமா என்பது வேறு. பேராசிரியர் சு. வித்தியானந்தன், சரத்சந்திர 1956-இல் ‘மனமே’ நாடகத்தால் சிங்கள மேடைக்குச் செய்ததைத் தமிழுக்குச் செய்ய முனைந்து, பேராதனையில் 1962-இல் ‘கர்ணன் போர்’ கூத்தையும் பின்னர் ‘இராவணேசன்’ முதலியவற்றையும் அரங்கேற்றியதனாலேயே கூத்து படித்தவரின் மரியாதையைப் பெற்றது. அதற்குக் கூத்து கொடுத்த விலை, விடிய விடிய ஆடியது சில மணி நேரமாகச் சுருங்கியதும், வட்டக்களரி படச்சட்ட மேடைக்குள் புகுந்ததுமாகும். ஆங்கிலேயன் படச்சட்டத்தை உடைத்து வெளியேற வழி தேடிக்கொண்டிருந்த பொழுதில் நாம் உள்ளே போனோம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊர்க் கூத்தரும் கூத்து மீளுருவாக்கம் என்று தொடங்கிய முயற்சி, களரியையும் ஊரையும் விட்டுப் பிரியாமலே கூத்தைப் புதுப்பிக்கப் பார்த்தது. வனமேக்கரின் வேலைக்கு நம்மிடையே உள்ள உண்மையான சோடி இதுவென்பது என் அபிப்பிராயம். புங்குடுதீவு 1991-இல் வெறுமையாகிப் பின் மெல்ல மெல்லக் குடியேறியபோது, இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் ஊரார் கோயில்களுக்குத் திருப்பணி செய்தார்கள், பள்ளிக்கூடங்களுக்கு மண்டபம் கட்டினார்கள். மண்டபங்களில் மேடையும் உண்டு: சீமெந்து மேடை, மூன்று பக்கமும் சுவர், முன்னால் திரை. அடுத்த மண்டபத்துக்குப் படம் கீறும் எந்திரியாவது, ஒரு நாள் செலவழித்துக் கோயில் வீதியில் கூத்தாடிய கிழவர் ஒருவரிடம் எவ்வளவு இடம் வேண்டும், சனம் எங்கே இருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். நம்மைத் தேடி டி விற் எவரும் வரப்போவதில்லை.

இனி, அசல் குளோப்பின் கதிக்கு வருவோம். புதிய குளோப் பழைய இடத்தில் நிற்கவில்லை. ஏறக்குறைய 230 மீற்றர் தள்ளி, நதியோரமாக நிற்கிறது. றோஸின் அத்திவாரத்தை இடித்து அலுவலகம் கட்ட முனைந்தபோது நடிகர்கள் திரண்டு மறியல் செய்ததனால், அது இன்று ஓர் அலுவலகக் கட்டடத்தின் அடியில் மணலும் நீரும் மூடிப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. குளோப்பின் அத்திவாரத்திலோ கண்டது மிகச் சிறு பகுதியே. மீதி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த அங்கர் ரெறஸ் என்ற வீட்டு வரிசையின் கீழ் கிடக்கிறது. அவ்வீடுகளும் புராதனச் சின்னம் என்று சட்டத்தின் காப்புப் பெற்றவை. ஆகையால் ஒரு புராதனத்தைக் காண்பதற்காக மற்றொரு புராதனத்தை அசைக்கச் சட்டம் இடந்தரவில்லை. பிற்கால அறிஞர் சிலர் கணக்கைத் திரும்பப் பார்த்து, இருபது பக்கம் அதிகம், பதினாறோ பதினெட்டோதான் இருக்கவேண்டும் என்று இப்போதே எழுதிவருகிறார்கள். அங்கர் ரெறஸின் கீழே தோண்ட என்றைக்காவது அனுமதி கிடைத்தால், 1992-ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் தோற்றவர்களின் பெயர்களைத் தேடி எடுக்க வேண்டிவரும்.